ஈயம் என்றோர் அலுமினியம்

தமிழ்நாட்டுச் சமையலறையில் இரண்டு ஈயம் உண்டு. ஒன்றில் ரசம் வைப்பார்கள். அதை அடுப்பில் ஏற்றும் முன்பே புளித்தண்ணீரை ஊற்றியாக வேண்டும். வெறும் பாத்திரமாக வைத்துவிட்டு மறந்துபோனால் அடி இளகி அடுப்பிலேயே சொட்டிவிடும். இன்னொன்றில் சோறு வடிப்பார்கள், வெந்நீர் காய்ச்சுவார்கள். அது கரி பிடிக்கும், கீழே விழுந்தால் நசுங்கும், ஆனால் அவ்வளவு சுலபத்தில் உருகாது. முதலாவது வெள்ளீயம், 232 டிகிரி சூட்டிலேயே நீராகிவிடும். இரண்டாவது அலுமினியம், உருக 660 டிகிரி வேண்டும். தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். ஒரே அளவும் ஒரே கனமும் உள்ள தகட்டில் செய்தால் வெள்ளீயப் பாத்திரம் அலுமினியத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் எடை இருக்கும். ஆனாலும் ஈயச்சொம்பு, ஈயக்குண்டான் என்று இரண்டுக்கும் ஒரே பெயர்தான். 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவிக்கொண்டு போனவரின் தராசில் விழுந்ததும் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஈயமே.

படிக்காதவர்கள் தெரியாமல் சொன்ன பெயர் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு புதிய உலோகம் ஒரு ஊருக்குள் வரும்போது அதற்குப் பெயர் எப்படி அமைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் கிடைப்பது அரிது. அந்தப் பெயரின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சென்னையின் மேற்குப் பக்கம் முழுவதையும் பார்த்துவிடலாம்: பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு கலைப்பள்ளி, பாடியிலும் அம்பத்தூரிலும் வார்ப்பு ஆலைகள், ஆவடியில் டாங்கி என்ஜின். தடம் அங்கேயும் நிற்பதில்லை. உலகத்துப் பொறியாளர்களை அரை நூற்றாண்டு திணறடித்த ரோட்டரி என்ஜினின் உட்சுவர் வரை போகிறது.

ஈயம் பழைய சொல். ஐம்பொன் என்று நாம் எண்ணும் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்ற ஐந்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு. சீசம் என்ற வடசொல்லோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இளகுதல் என்ற தமிழ் வினையோடு இணைப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த வேரை ஏற்றாலும், அந்தச் சொல் தனியாக நின்று ஒரே ஓர் உலோகத்தை மட்டும் குறித்ததில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். வெளுத்தது வெள்ளீயம், கறுத்தது காரீயம். இன்றைய வேதியியல் இவற்றை இரண்டு தனிமங்கள் என்று பிரிக்கிறது. பழந்தமிழன் ஒரே குடும்பத்தின் இரண்டு நிறங்களாகப் பார்த்தான். மென்மையாக இருக்க வேண்டும், எளிதில் இளக வேண்டும், சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது ஈயம்.

நிறத்தை வைத்து உலோகத்துக்குப் பெயரிடுவது தமிழுக்குப் புதிதல்ல. வெள்ளியில் வெண்மை இருக்கிறது, செம்பில் செம்மை இருக்கிறது. பொன் என்பதே முதலில் உலோகம் எதற்கும் பொதுவாகி, இரும்பு கரும்பொன் ஆனது. உலோகத்தின் பெயர் பாத்திரத்துக்கும் போகும்: செம்பில் செய்த நீர்க்கலம் செம்பு, பேச்சில் சொம்பு. பிறகு பித்தளையில் செய்தாலும் அது சொம்புதான். ஈயச்சொம்பு என்று சொல்லும்போது ஈயத்தால் ஆன செம்பு என்றுதான் சொல்கிறோம். கேட்கிறவர் யாருக்கும் அது முரணாகப் படுவதில்லை. பொருள் செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிடும் பழக்கம் நமக்கு அவ்வளவு ஆழமானது.

அலுமினியத்தின் பெயரும் வீட்டுப் பொருள் ஒன்றிலிருந்துதான் பிறந்தது. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கவும் சவரக்கடையில் கன்னத்தில் தேய்க்கவும் நாம் வைத்திருக்கும் படிகாரத்துக்கு இலத்தீனில் அலுமென் என்று பெயர். படிகாரத்துக்குள் இன்னும் யாரும் பிரித்தெடுக்காத ஓர் உலோகம் ஒளிந்திருக்கிறது என்று உணர்ந்த ஹம்ப்ரி டேவி 1808-ல் அதற்கு 'அலுமியம்' என்று பெயர் வைத்தார். 1812-ல் 'அலுமினம்' என்று மாற்றினார். சோடியம், பொட்டாசியம் போன்ற பெயர்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று பிரிட்டனில் 'அலுமினியம்' நிலைத்தது. அமெரிக்காவில் டேவியின் இரண்டாவது பெயர் தங்கிவிட்டது. உலோகத்தைக் கண்ணால் காணும் முன்பே பெயர் வந்துவிட்டது. 1825-ல்தான் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் அதைப் பிரித்தெடுத்தார். 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஏருவும் தனித்தனியே மின்சாரத்தால் பிரிக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் வரை அது அரண்மனை விருந்து மேசைக்குரிய விலையில் இருந்தது. அதற்குப் பிறகு விலை சரிந்தது. சரிந்த பன்னிரண்டு ஆண்டுகளில் அது சென்னைக்கு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். இன்று கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, சென்னை கலைப்பள்ளியின் பொறுப்பையும் ஏற்றவர். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அது நிற்பது பூந்தமல்லி நெடுஞ்சாலையில். இப்போது பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை என்று பெயர். பூவிருந்தவல்லியை வெள்ளைக்காரர்கள் 'பூனமல்லி' ஆக்கினார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய சாலையில் 1898-ல் அலுமினியத் தகட்டைத் தட்டிப் பாத்திரம் செய்யும் பட்டறை தொடங்கியது. உலோகத் தகட்டைத் தட்டி வளைப்பதில் நம் கன்னார்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, தகடுதான் புதிது. 1903-ல் அரசு அந்தப் பட்டறையை இந்தியன் அலுமினியம் கம்பெனிக்கு விற்றது. இந்திய மண்ணில் அலுமினியம் உருக்கி எடுக்கப்பட்டது அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1943-ல், கேரளத்து ஆலுவாயில். ஆக, நாம் அலுமினியத்தை உற்பத்தி செய்யத் தொடங்கும் முன்பே இரண்டு தலைமுறை அதில் சோறு பொங்கியிருந்தது. தமிழ்நாட்டுக்குச் சொந்தமான அலுமினியம் 1960களில்தான் வந்தது: சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைத்த பாக்சைட்டை நம்பி மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி எழுந்தது.

அந்த இரண்டு தலைமுறைக்குள் பெயர் முடிவாகிவிட்டது. அதற்கு நிறம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பித்தளைக்கும் செம்புக்கும் உள்ளே வெள்ளீயம் பூசாவிட்டால் களிம்பு ஏறும், சாப்பாடு நஞ்சாகும். ஆகவே வீட்டுக்கு வீடு ஈயம் பூசுகிறவர் வந்தார். துருத்தி ஊதி, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, ஈயத்துண்டைத் தொட்டுவைத்துத் துணியால் ஒரே வீச்சில் துடைப்பார். உட்புறம் முழுக்கப் பளபளவென்று வெளுத்துவிடும். இதற்கு இன்னொரு பெயர் கலாய் பூசுதல். கலாய் அரபு வழியாக வந்த சொல்; அரபியில் வெள்ளீயத்துக்குக் கலயீ என்று பெயர். மலாய்க் கரையில் அரபு வணிகர் 'கலா' என்று அழைத்த துறைமுகத்திலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். அந்தத் துறைமுகம் நம் கடாரம்தான் என்பது பலருடைய கருத்து. சோழன் படையெடுத்த ஊரின் பெயர் ஒரு சுற்றுச் சுற்றிவந்து நம் தெருவில் துருத்தி ஊதியது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

இப்போது ஒரு பாத்திரம் வருகிறது. உள்ளும் புறமும் வெளுப்பு. களிம்பு ஏறாது. பூசத் தேவையில்லை. ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம் எப்படி இருந்ததோ, அப்படியே முழுப் பாத்திரமும் இருக்கிறது. அதை ஈயம் என்று அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது? ஈயத்தின் வேலையை அது எடுத்துக்கொண்டது. வேலையோடு பெயரும் வந்தது. ஒலியும் கொஞ்சம் துணை நின்றிருக்கலாம் என்பது என் ஊகம்: 'அலுமினியம்' என்பதை நீட்டிச் சொன்னால் வாலில் ஓர் ஈயம் கேட்கிறது. பழக்கமில்லாத நீண்ட சொல்லில் பழக்கமான வாலைப் பிடித்துக்கொள்வது பேச்சு மொழியின் இயல்பு.

இது ஈயத்தோடு நின்றுவிடவில்லை என்பதால்தான் இதை விதி என்றே சொல்லத் துணிகிறேன். எவர்சில்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெள்ளி இல்லை. இரும்பும் குரோமியமும், பெரும்பாலும் நிக்கலும். ஆனால் கல்யாணச் சீரில் வெள்ளிப் பாத்திரம் வாங்க முடியாத வீட்டில் வெள்ளியின் இடத்தில் உட்கார்ந்தது அதுதான், பெயரையும் எடுத்துக்கொண்டது. அம்பத்தூர் மெக்கானிக் கடையில் இருசக்கர வண்டிக்குக் கம்பி இல்லாத சக்கரம் கேட்டால் 'மேக் வீல்' என்கிறார்கள். மேக் என்பது மெக்னீசியத்தின் சுருக்கம். பந்தயக் கார்களுக்கு ஒரு காலத்தில் மெக்னீசியத்தில் சக்கரம் வார்த்தார்கள். மெக்னீசியத்தின் அடர்த்தி 1.74, அலுமினியம் 2.7, இரும்பு 7.9. இன்று நம் வண்டிகளில் இருப்பது அலுமினியக் கலவை. மெக்னீசியம் போய்விட்டது, மேக் இருக்கிறது. சமையலறையில் வெள்ளீயத்தின் பெயரில் வாழ்ந்த அதே அலுமினியம் தெருவில் மெக்னீசியத்தின் பெயரில் ஓடுகிறது. நம் பேச்சில் சொந்தப் பெயர் கிடைக்காமலேயே எல்லா வேலைகளையும் செய்துகொண்டிருக்கும் உலோகம் அது.

இண்டாலியம் இன்னொரு வகை. கடாயும் தோசைக்கல்லும் வாங்கும்போது அலுமினியத்தைவிட உசத்தியான ஏதோ ஓர் உலோகம் என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறோம். ஹிந்துஸ்தான் அலுமினியம் என்ற நிறுவனப் பெயரைச் சுருக்கி 'ஹிண்டாலியம்' என்று வைத்த வணிகப் பெயர் அது. உள்ளே இருப்பது மெக்னீசியம் முதலியன சேர்த்து வலுப்படுத்திய அலுமினியம். கம்பெனியின் பெயர் உலோகத்தின் பெயராகி, தமிழ் வாயில் முதலெழுத்தையும் இழந்துவிட்டது.

பாடி மேம்பாலத்தைத் தாண்டி மேற்கே திரும்பினால் பெயரிடும் முறையே மாறிவிடுகிறது. மலைப்பக்கத்தில் எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம். இங்கே எஸ்டேட் என்றால் 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1962-ல் பாடியில் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் முதல் தெருவுக்கு ஒன்றாக இருக்கும் சின்னச் சின்ன வார்ப்புப் பட்டறைகள் வரை, வாகனங்களுக்கு அலுமினிய உறுப்புகள் வார்ப்பது இந்தப் பகுதியின் பெருந்தொழில்களில் ஒன்று. இங்கே யாரும் ஈயம் என்று சொல்வதில்லை. அலுமினியம் என்றுகூட அதிகம் சொல்வதில்லை. 'மெட்டீரியல் என்ன?' என்று கேட்டால் பதில் எண்ணில் வரும்: எல்எம் சிக்ஸ், எல்எம் டுவென்ட்டி ஃபோர், ஏடிசி டுவெல்வ். எல்எம் வரிசை பிரிட்டிஷ் தரநிலையிலிருந்து வந்தது, ஏடிசி ஜப்பானியர்களுடையது. எல்எம் 6-ல் பத்து முதல் பதின்மூன்று விழுக்காடு சிலிக்கான்; எல்எம் 24-ல் சிலிக்கானோடு மூன்று நான்கு விழுக்காடு செம்பு; எல்எம் 25-ல் சிறிது மெக்னீசியம். சிலிக்கான் சேர்ந்தால் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும், ஆறும்போது சுருக்கமும் குறையும். ஐரோப்பாவில் இந்தக் கலவைக்கு 'சிலுமின்' என்று அழகான பெயர் இருந்தது. சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்த பெயர். நம் பட்டறைக்கு எண் போதுமாக இருக்கிறது.

வார்ப்பு நடக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும். உருகிய இரும்பு கண் கூசும் செம்மஞ்சளில் தகிக்கும். பார்க்கும் யாரும் தானாகவே விலகுவார்கள். உருகிய அலுமினியம் அப்படி மிரட்டாது. 700 டிகிரியில் உலையில் கிடக்கும்போதும் பகல் வெளிச்சத்தில் வெறும் வெள்ளி நீராகத்தான் தெரியும். சூடு கண்ணுக்குத் தெரியாததாலேயே புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அது ஆபத்தான உலோகம். அகப்பையால் மேற்பரப்பை விலக்கினால் அடுத்த நொடியே பாலாடை போல ஒரு மெல்லிய படலம் மூடிக்கொள்ளும். அது ஆக்சைடு, வழித்தெடுத்தால் டிராஸ். வார்ப்பு இயந்திரத்தின் குழலுக்குள் ஓர் அகப்பை ஊற்றியதும் பிஸ்டன் பாய்ந்து எஃகு அச்சுக்குள் அழுத்தும். அச்சு திறக்கும்போது உறுப்பு கெட்டியாகிவிட்டிருக்கும். இப்படி ஒரு முறை அடிப்பது ஒரு ஷாட். குழலின் முனையில் உறைந்து உறுப்போடு ஒட்டிக்கொண்டு வரும் வட்டக் கட்டிக்குப் பெயர் பிஸ்கட். அச்சின் இடுக்கில் பிதுங்கிய மெல்லிய ஓரம் ஃபிளாஷ். இரண்டையும் வெட்டி மீண்டும் உலையில் போடுவார்கள். உள்ளே காற்று சிக்கி ஓட்டை விழுந்தால் ப்ளோ ஹோல், உறுப்பு தள்ளுபடி. இவை ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள்தாம். ஆனால் இரண்டு மூன்று தலைமுறை உழைப்பாளிகளின் வாயில் தேய்ந்து தமிழ் வாக்கியத்துக்குள் உட்கார்ந்துவிட்டவை.

இன்னும் மேற்கே ஆவடி. இந்த ஊரின் பெயரே ஓர் ஆங்கிலச் சுருக்கம் என்று நம்புகிறவர்கள் ஏராளம்: கவச வாகனங்களும் கிடங்கும் என்ற பொருள் வரும்படி ஆங்கில எழுத்துகளை அடுக்கிக் காட்டுவார்கள். அது பிறகு புனைந்தது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-ல். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1955 ஜனவரியில், சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மாநாடு ஆவடி என்ற ஊர்ப்பெயரிலேயே வரலாற்றில் ஏறிவிட்டது. ஆவும் அடியும் கேட்கும் இந்தப் பெயரைத் தமிழாகவே விட்டுவிடலாம். 2021-ல் இங்கே தலைமையகம் கொண்டு உருவான பொதுத்துறை நிறுவனத்துக்குக் கவச வாகனங்கள் என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் அமைந்ததால் இந்தக் கதை இனி இன்னும் வலுவாகப் பரவும் என்றே அஞ்சுகிறேன்.

டாங்கி என்றதும் எஃகு நினைவுக்கு வரும். ஆனால் அதன் இதயத்தில் நம் ஈயக்குண்டானின் உறவினர் இருக்கிறார். 1987-ல் தொடங்கிய ஆவடி என்ஜின் தொழிற்சாலையில் டி-72 டாங்கிக்காக உருவாகும் 12 சிலிண்டர், 780 குதிரைத்திறன் டீசல் என்ஜின், 1930களில் கார்கிவ் நகரில் வடிவமைக்கப்பட்ட வி-2 என்ஜினின் வழித்தோன்றல். அந்தக் குடும்பத்தின் சிறப்பே உடலை அலுமினியக் கலவையில் வார்த்ததுதான். அதனால்தான் அவ்வளவு திறன் ஒரு டன்னுக்குள் அடங்கியது. நாற்பது டன் எஃகு வண்டியிலும் எடையைக் குறைக்க வேண்டிய இடம் என்ஜின்தான் என்பதைப் பொறியாளர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

எடையைக் குறைக்கும் ஆசை உச்சத்துக்குப் போன இடம் ரோட்டரி என்ஜின். அந்தப் பெயருக்கும் இதே கதிதான். 1908-ல் பிரான்சின் செகன் சகோதரர்கள் செய்த நோம் விமான என்ஜினுக்குத்தான் முதலில் ரோட்டரி என்ற பெயர் புகழ்பெற்றது. அதில் நடுத்தண்டு அசையாமல் நிற்கும். ஏழு சிலிண்டர்களும் விமானத்தின் சுழல்விசிறியோடு சேர்ந்து முழுதாகச் சுற்றும். சுற்றும்போதே காற்றில் குளிர்ந்துவிடும். தண்ணீரும் தொட்டியும் சுமக்க வேண்டாம். முதல் உலகப்போர் முடிந்ததும் அந்த வகை மறைந்தது. பெயர் காலியாகக் கிடந்தது. 1957 பிப்ரவரியில் ஜெர்மனியின் என்எஸ்யூ தொழிற்சாலையில் பெலிக்ஸ் வான்கெலின் புதிய என்ஜின் ஓடியபோது, அந்தப் பெயர் அதற்குப் போனது. வான்கெலின் முதல் வடிவில் உள்ளிருக்கும் முக்கோண ரோட்டாரும் சுற்றியது, வெளிக்கூடும் சுற்றியது. அவருடைய சக பொறியாளர் பாஷ்கே வெளிக்கூட்டை நிறுத்தி உள்ளே இருப்பதை மட்டும் சுற்றவிட்டார். உலகம் ஏற்றது அதைத்தான். ஆக நோமில் வெளியே சுற்றியது, வான்கெலில் இரண்டும் சுற்றின, பாஷ்கேயில் உள்ளே மட்டும் சுற்றுகிறது. பெயர் மூன்றுக்கும் ரோட்டரி.

இந்த என்ஜினின் கூடு எட்டு என்ற எண்ணின் இடுப்பைக் கொஞ்சம் பருக்கவைத்த வடிவம். ரோட்டாரின் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓட வேண்டும். முனைகளில் இருக்கும் அடைப்புப் பட்டைகள் கசிந்தால் அழுத்தம் போய்விடும். சாதாரண என்ஜினில் ஒரே சிலிண்டர் ஒரு சுற்றில் குளிர்ந்த காற்றை இழுக்கும், அடுத்ததில் எரிக்கும். சூடும் குளிரும் மாறிமாறி வருவதால் சுவர் சமநிலையில் இருக்கும். ரோட்டரியில் சுவரின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே வேலை. ஒரு பக்கம் எப்போதும் காற்று நுழையும், அது எப்போதும் குளிர்ச்சி. எதிர்ப்பக்கம் எப்போதும் எரியும், அது எப்போதும் சூடு. இரும்பில் செய்தால் சூடு பரவாமல் ஒரு பக்கமாகத் தேங்கி வடிவம் கோணும். அலுமினியக் கலவை வார்ப்பிரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், எடையும் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே அலுமினியம்தான் வேண்டும். ஆனால் அலுமினியம் மென்மையானது; நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உரசும் பட்டை அதை உழுதுவிடும்.

ஆகவே பூச்சு. ஈயம் பூச வேண்டாத உலோகம் என்று நம் சமையலறைக்குள் வந்ததே, அந்த அலுமினியத்துக்கே இங்கே முலாம் பூச வேண்டியிருந்தது. ஜப்பானில் மாஸ்டா பொறியாளர்கள் கென்இச்சி யமாமோட்டோவின் தலைமையில் இந்தச் சுவரோடு மல்லுக்கட்டினார்கள். சுவரில் வரிவரியாக விழுந்த தேய்மானத்துக்குப் 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். கூட்டின் உட்பரப்பில் குரோமியம், முனைப்பட்டைக்கு அலுமினியம் ஊடுருவிய கார்பன் என்று வழி கண்டு 1967-ல் காஸ்மோ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் மாலே நிறுவனம் நிக்கலுக்குள் சிலிக்கன் கார்பைடு துகள்களைச் சேர்த்துப் படியவைக்கும் பூச்சைக் கொண்டுவந்து 'நிகாசில்' என்று பெயரிட்டது. ரோட்டரி கூட்டுக்காகப் பிறந்த அந்தப் பூச்சு பிறகு சாதாரண என்ஜின் சிலிண்டர்களுக்குள் புகுந்தது. நம் ஊர் மெக்கானிக்குகளும் உயர்ரக பைக்கின் பிளாக்கைக் காட்டி நிகாசில் கோட்டிங், ரீபோர் பண்ண முடியாது என்று சொல்லும் அளவுக்கு இறங்கிவந்துவிட்டது. மாஸ்டா 1991-ல் லெ மான் பந்தயத்தை வென்றபோது அதன் ரோட்டரி என்ஜினின் முனைப்பட்டைகள் பீங்கான் வகைப் பொருளாக மாறியிருந்தன.

இந்தியாவிலும் இந்த என்ஜின் பிறந்தது. நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்துக்காக, பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகமான நால், அகமதுநகரின் வாகன ஆய்வகம், பெங்களூரின் வானூர்தி மேம்பாட்டு நிறுவனம் மூன்றும் சேர்ந்து 55 குதிரைத்திறன் வான்கெல் என்ஜினை உருவாக்கின. எடை சுமார் 30 கிலோ. 2009-ல் கோலார் அருகே இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளத்தில் அது நிஷாந்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது. டாங்கி என்ஜினையும் இதையும் அருகருகே வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்று தெரியும்: ஆவடியின் டீசல் என்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை, நிஷாந்தின் ரோட்டரியில் அரை கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அந்த இடைவெளியில்தான் இலேசான உலோகங்களின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது. கூட்டின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பூச்சைப் படியவைப்பதில் நால் ஆய்வகத்தார் உழைத்திருக்கிறார்கள். துருத்தி ஊதிக் கலாய் பூசியவரும் மின்தொட்டியில் நிக்கல் படியவைத்தவரும் செய்த வேலையின் நோக்கம் ஒன்றுதான்: உடல் ஓர் உலோகம், தோல் இன்னொன்று.

இங்கேதான் பெயர் சிக்கலாகிறது. ரோட்டரி என்ஜினின் கூட்டை 'அலுமினியக் கூடு' என்கிறோம்; ஆனால் உராய்வைத் தாங்குவது அலுமினியம் இல்லை. பீங்கானும் கார்பனும் உலோகத்தோடு கலந்துவரும் புதிய பொருள்களுக்கு எந்த மொழியிலும் இன்னும் வீட்டுப் பெயர் அமையவில்லை. வணிகப் பெயரும் எண்ணும்தான். அது குறை என்று நான் கருதவில்லை. ஈயமும் எவர்சில்வரும் மேக் வீலும் அமைந்ததுபோல, அவை நம் கைக்கு வந்து ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளும்போது பெயரும் அமையும். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பழைய பெயர் புதிய பொருளின்மேல் ஏறும்போது பழைய பொருளின் அடையாளம் மங்குகிறது. ஈயம் என்றால் அலுமினியம் என்று மட்டும் அறிந்த தலைமுறை ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கப் போகும்போது, வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருக்குமோ என்று கேட்கத் தோன்றாது. காரீயம் நஞ்சு, மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், குழந்தைகளுக்கு மேலும் கேடு. பெயரில் கார், வெள் என்ற இரண்டு அடைகளை நம் முன்னோர் வைத்தது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது என்பதற்காகவும்தான் என்று எடுத்துக்கொள்வேன்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். கடையில் ஈயச்சொம்பு கேட்கும்போது வெள்ளீயம் என்று முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள். சோதித்த சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வார்ப்பாலைகளில் வேலை செய்கிறவர்கள், தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடம் நடத்துகிறவர்கள், உங்கள் பட்டறையில் வழங்கும் சொற்களை, ஷாட் முதல் பிஸ்கட் வரை, எந்த உலோகத்துக்கு என்ன எண், உங்கள் மேஸ்திரி அதை எப்படி உச்சரித்தார் என்பது வரை, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அகப்பை பிடிக்கும் கையின் இடத்துக்கு ரோபோ வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கைகளோடு இருந்த சொற்களைக் குறித்துவைக்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.